ரோட்டர்டாம் ‘கட்டடக்கலை டே பாஸ்’ வாங்கிடாதீங்க: 178 யூரோ போச்சு

சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். அதில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்து நவீன கட்டடங்களுக்கு ஒரு டே பாஸ், ஆளுக்கு 89, இரண்டு பேருக்கு 178 யூரோ. தளத்தின் பெயர் வேண்டாம். இதே சரக்கு நாளைக்கு வேறு பெயரில் வரும், அதனால் சரக்கை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸில் நான்கு இடங்கள்: மார்க்ட்ஹாலுக்கு ‘வரிசையில்லா நுழைவு’, கனசதுர வீடுகள், டெப்போ போய்மன்ஸ் (ஓர் அருங்காட்சியகத்தின் கலைப்பொருள் கிடங்கு, பார்வையாளர்களும் போகலாம்), ஃபான் நெல்லே தொழிற்சாலை ‘உட்புறத்துடன்’. நம்ப வைத்தது அந்தக் கடைசி வரிதான். 1931-ல் முடிந்த, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட அந்தத் தொழிற்சாலை 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உள்ளே இப்போது அலுவலகங்கள். ஏற்பாடு செய்த வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க முடியும். அந்த இடத்தைப் பிடித்துத் தருகிறார்கள் என்றால் 89 யூரோ நியாயம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நாட்காட்டியில் திங்கட்கிழமை பச்சையாக இருந்தது. பணம் கட்டிய கையோடு கியூஆர் வவுச்சரும் வந்துவிட்டது.

பிளாக் நிலைய வாசலில் வழிகாட்டி நின்றான். சிரித்தபடி முதல் வேலையாக எங்கள் கியூஆரை ஸ்கேன் செய்தான். மொத்த மோசடியும் அந்த ஒரு ‘பீப்’பில் இருக்கிறது.

மார்க்ட்ஹாலுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அது சந்தை! 228 வீடுகள் குதிரைலாட வளைவாகக் கவிந்திருக்க, அடியில் காய்கறி, மீன், சீஸ் கடைகள். 2014 முதல் யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். எதிரே 1984-ல் முடிந்த, கட்டடக் கலைஞர் பீட் பிளோமின் மஞ்சள் கனசதுரங்கள். பெரும்பாலும் குடியிருப்புகள். வீட்டின் உட்புறத்தைப் பார்வையாளருக்குக் காட்டவே திறந்திருப்பது கைக்-கூபுஸ், டிக்கெட் சில யூரோதான். சாய்ந்த சுவரால் தரைப்பரப்பில் கால்வாசி வீணாவதை உள்ளே நின்றால்தான் உணர முடியும். இவன் முற்றத்தில் நின்று அண்ணாந்து காட்டிவிட்டு, “மீதியை நீங்களே பார்க்கலாம், கியூஆரைக் காட்டினால் போதும்” என்று கிளம்பிவிட்டான்.

பிளாக்கிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் ஈந்த்ராக்ட்ஸ்பிளைன், அங்கிருந்து டெப்போவுக்கு நடை. 39.5 மீட்டர் உயரக் கண்ணாடிக் கிண்ணம், அதில் வளைந்து தெரியும் நகரம், பூட்டிய கதவு. டெப்போவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மூடியிருக்கும் நாளுக்கு டிக்கெட் விற்றிருக்கிறார்கள்! ஃபான் நெல்லேயில் அன்று எந்தச் சுற்றும் இல்லை, எங்கள் பெயரும் யாரிடமும் இல்லை.

தளத்தின் சாட்டில் முதலில் ரோபோ, பிறகு ஒரு மனிதர். “உங்கள் வவுச்சர் ‘பயன்படுத்தப்பட்டது’ என்று காட்டுகிறது, ரத்து செய்ய முடியாது.” மூடிய கதவின் படத்தை அனுப்பினால், “ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.” ஏற்பாட்டாளர் எண் அடித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பவும் தளத்துக்கு எழுதினால், 178 யூரோவுக்குப் பதில் அடுத்த முன்பதிவில் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன். யாருக்கு வேணும் அது?

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான்:

டெப்போ டிக்கெட்டை அவர்களுடைய சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். திங்கட்கிழமையில் டெப்போவும், அருங்காட்சியகமாக இருக்கும் சொன்னஃபெல்ட் இல்லமும் மூடியிருக்கும், கைக்-கூபுஸ் திறந்திருக்கும். எராஸ்மஸ் பாலம், சென்ட்ரல் நிலையம், டி ரோட்டர்டாம் கோபுரம் எல்லாம் டிக்கெட் இல்லாமல் பார்ப்பவை, அவற்றைப் பட்டியலில் போட்டுக் காசு கேட்டால் ஓடுங்கள். பல இடங்களுக்கு ஒரே கியூஆர் என்றால் எடுத்தவுடன் ஸ்கேன் செய்ய விடாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் ‘சேவை கிடைக்கவில்லை’ என்று வங்கியில் உடனே புகார் போடுங்கள், வாசலில் ஒட்டியிருக்கும் திறப்பு நேரத்தையும் படம் எடுத்துச் சேர்த்து.