சம்பளச் சீட்டா, லயக் காம்பராவா? வாழ்வை எதை வைத்து அளப்பது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் நாள் சம்பளத்தில் வந்து நின்றுவிடும். 2021இல் 1000 ரூபா, 2024இல் அடிப்படை 1350 ரூபா. வருமானத்தை அளவுகோலாக வைப்பதில் வசதி அதுதான், கேட்டதும் புரியும். ஆனால் நுவரெலியாப் பக்கம் ஒரு சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். கொழுந்து நிறை குறைந்த நாளுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். வறட்சி வந்தால் வேலை நாளே குறையும். அப்புறம் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கும், முன்பே வாங்கிய முற்பணத்துக்கும் கழிவு. மேடையில் பேசப்படும் தொகை ஒன்று, கைக்கு வருவது வேறு. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோதும் 1000 ரூபா 1000 ரூபாவாகவே இருந்தது.

வருமானம் என்ற இந்த அளவுகோலுக்குப் போட்டியாக 1990இல் வந்தது மனித அபிவிருத்திச் சுட்டெண். பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென்னின் துணையோடு உருவாக்கியது. வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்துப் பார்க்கும். வருமானத்தில் கீழ்நடுத்தர வரிசையில் நிற்கும் இலங்கை, இதில் 'உயர்' பிரிவில் இருக்கிறது. இலவசக் கல்விக்கும் இலவச மருத்துவத்துக்கும் அதில் பெரும் பங்கு. நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் நாட்டுச் சராசரி தலைநகர்ப் பக்கத்துக் கொழும்பையும் தோட்டப் பக்கத்துக் கொட்டகலையையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறதே!

பூச்சியம் முதல் பத்துவரை மகிழ்ச்சிக்கு மதிப்பெண் கேட்கும் முறையும் உண்டு. இல்லாமைக்குப் பழகியவர்கள் தாராளமாகப் போட்டுவிடுவார்கள், அதை நான் நம்புவதில்லை.

என் ஓட்டு 2010இல் வந்த பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணுக்கு. ஊட்டம், பள்ளிக்கூடம், குடிநீர், அடுப்பு என்று பத்து விடயங்களை வீட்டளவில் பார்க்கும். ஒரு வீட்டின் குறைகளுக்கான புள்ளி, மொத்தப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ எட்டினால் வறுமை. லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், நுழைந்து பார்ப்பது இது ஒன்றுதான். விறகடுப்பும் குறை, பக்கத்து வீட்டோடு பங்கு போடும் மலசலகூடமும் குறை. ஆனாலும் ஓட்டை இருக்கிறது. சிமெந்துத் தரை, கற்சுவர், தகரக் கூரை இருந்தால் வீடு சரி என்று தாண்டிவிடும். அந்த ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இருக்கும் காம்பரா யார் பெயரில் என்றும் கேட்பதில்லை. உறுதிப் பத்திரம் இல்லாதவருக்கு அதை வைத்து வங்கியில் கடன் எடுக்கவும் வழியில்லை.

மலையகத்துக்கென்று ஒரு அளவுகோல் செய்யச் சொன்னால், இந்தப் பத்தோடு அந்த இரண்டு கேள்விகளையும் சேர்ப்பேன். வருமானத்தையும் விடமாட்டேன், ஆனால் நாள் சம்பளத்தை அல்ல, கழிவுகள் போக மாத முடிவில் கைக்கு வந்ததை எழுதச் சொல்வேன்.