கூலன்ட் எங்கே போகிறது: பிரஷர் டெஸ்டரா, நீல மருந்தா, டையா?

ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வாராவாரம் இறங்குகிறது, வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பட்டறைக்குப் போனால், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், கழட்டிப் பார்த்திடலாம் சார்" என்று ஆரம்பிப்பார்கள். (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) கழட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

என் ஓட்டு முதலில் பிரஷர் டெஸ்டருக்குத்தான். எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அங்கே டெஸ்டரை, அதாவது அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்ற வேண்டும். பல கார்களில் அது 0.9 முதல் 1.1 பார். ஆர்வக்கோளாறில் அதைத் தாண்டினால் நல்ல ரேடியேட்டரையும் நாமே கெடுத்துவிடுவோம். கால் மணி நேரம் முள் அசையவில்லையா, பெரிய கசிவு இல்லை. இறங்கினால் டார்ச்சை எடுங்கள்: ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேரும் விளிம்பு, வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்னத் துளை. அந்தத் துளையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி கறை இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. முன்சீட்டுக் கால்மிதி நனைந்து இனிப்பு வாசம் அடித்தால் கசிவது ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்). மூடியையும் இதே பம்பில் சோதிக்கலாம், அடாப்டர் வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை, விலையோ சொற்பம்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை. இப்போதுதான் நீல மருந்துக்கு வேலை, எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வருகிறதா என்று நிறம் மாறிக் காட்டும் திரவம் அது. கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு (மருந்தில் கூலன்ட் கலந்தால் சோதனையே வீண்), ஆறிய எஞ்சினில் மருந்து ஊற்றிய சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, ஓடவிட்டுச் சூடாக்கி, கூலன்ட்டுக்கு மேலே நிற்கும் காற்றை மருந்துக்குள் இழுக்க வேண்டும். எரிந்த புகையின் கார்பன் டை ஆக்சைடு அதில் இருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். கேஸ்கெட்டோ ஹெட்டோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். டீசலில் ஐடிலிங்கின்போது (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அந்த வாயு குறைவு, அப்படியே வைத்துப் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

புற ஊதா டை, அதாவது புற ஊதா ஒளியில் மின்னும் சாயம், பொறுமைசாலிகளுக்கு. கூலன்ட்டில் ஊற்றிச் சில நாள் ஓட்டி, இருட்டில் புற ஊதா விளக்கடித்துப் பார்க்கலாம். சூட்டில் உடனே காய்ந்துபோகும் நுண்கசிவுக்கு இது பரவாயில்லை, சிலிண்டருக்குள் போகும் கசிவைக் காட்டாது.

மருந்து நீலமாகவே நின்றும் சந்தேகம் தீரவில்லையா? அது முழு விடுதலைப் பத்திரம் அல்ல, சில விரிசல்கள் சூட்டிலும் பாரத்திலும்தான் வாய் திறக்கும். இரவு அழுத்தம் ஏற்றி விட்டுவிட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.