டிகோடர் பஃபர்: நிலையாக வைப்பதா, தானே மாற விடுவதா?

நெட்வொர்க்கில் வரும் வீடியோவைத் திரைக்குக் கொடுக்கும் டிகோடரை வாங்கும்போது எல்லோரும் கேட்பது, தாமதம் எத்தனை மில்லி விநாடி என்றுதான். அந்தத் தாமதம் மாறாமல் இருக்குமா என்று கேட்பது அதைவிட முக்கியம் என்பேன்.

வீடியோ பாக்கெட்டுகள் எனும் சிறு சிறு துண்டுகளாக வருகிறது. அவை புறப்பட்ட இடைவெளியிலேயே வந்து சேர்வதில்லை. சில பிந்தும், சில வரவே வராது. வந்தவற்றைச் சற்று நேரம் தேக்கி வைப்பதுதான் பஃபர். நிலையான பஃபரில் 200 மில்லி விநாடி என்று வைத்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் தன் நேர முத்திரையிலிருந்து சரியாக அவ்வளவு கழித்தே வெளியேறும். அதற்கும் பிந்தி வந்தது வீண். படத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். தானே மாறும் பஃபர் நெட்வொர்க் நன்றாக இருந்தால் சுருங்கும், மோசமானால் விரியும்.

கேட்க இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் விரியும்போது ஒரு ஃப்ரேம் இரண்டு முறை காட்டப்படும், சுருங்கும்போது ஒன்று விழுங்கப்படும். பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் இரண்டு டிகோடர்கள் ஓடினால் ஒன்றை ஒன்று முந்தும். ஒலி தனியாக மிக்சர் வழியே போனால் இன்னும் சிக்கல்: உதட்டசைவுக்குப் பொருத்தி வைத்த தாமதம் அடுத்த அரை மணியில் பொருந்தாது. அதனால் வீடியோ சுவர், மேடைத் திரை, ஸ்டுடியோவுக்கு வரும் நேரலை, இவற்றுக்கெல்லாம் நிலையான பஃபர்தான்.

இருவர் பேசிக்கொள்ளும் இணைப்பு வேறு கதை. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் உரையாடல் கெடாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. அங்கே ஒவ்வொரு மில்லி விநாடியும் மதிப்புள்ளது. உலாவியில் நேரடி அழைப்புக்கு உதவும் வெப்ஆர்டிசி போல ஒலியை லேசாக இழுத்தும் சுருக்கியும் சமாளிக்கிற பஃபரே பொருத்தம்.

சரி, நிலையாக வைப்பதென்றால் எவ்வளவு? தொலைந்த பாக்கெட்டை எப்படி மீட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. இணையம் வழியே நேரலை வீடியோ அனுப்பும் நெறிமுறையான எஸ்ஆர்டி தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும். அதன் இயல்பு அளவு 120 மில்லி விநாடி. போய்வரும் நேரத்தைப் போல நான்கு மடங்கு வைப்பது வழக்கம் என்பதால், அந்த 120 போதுவது 30 மில்லி விநாடிப் பாதைக்குத்தான். பாதை 80 என்றால் 320 வேண்டும். மாற்றாமல் விட்டுவிட்டு டிகோடரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எஃப்இசி எனும் முன்கூட்டிய பிழைத்திருத்த முறை மறுபடி கேட்காது. தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் உபரி பாக்கெட்டுகளைக் கூடவே அனுப்பிவிடும். தூரம் அதற்குப் பொருட்டல்ல, விநாடிக்கு எத்தனை பிட் ஓடுகிறது என்ற பிட்ரேட்தான் பொருட்டு. பாக்கெட்டுகளைப் பத்துக்குப் பத்து அணியாக அடுக்கி மீட்பதென்றால், 100 பாக்கெட் சேர, பாக்கெட்டுக்கு 1316 பைட் கணக்கில், 4 மெகாபிட் ஓடையில் சுமார் 263 மில்லி விநாடி ஆகும். 20 மெகாபிட்டில் 53 தான். ஆகவே ஒரே ஓடை பலருக்குப் போகும், திரும்பும் வழியே இல்லாத மல்டிகாஸ்டுக்கும், தொலைதூரத்துக்குப் போகும் கனமான ஓடைக்கும் எஃப்இசி. மெல்லிய ஓடைக்கு எஸ்ஆர்டி.

பலர் கவனிக்காத ஒன்று கடிகாரம். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபட்டாலே மணிக்கு 108 மில்லி விநாடி விலகும். 25 ஃப்ரேம் வேகத்தில் சுமார் 22 நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம். எவ்வளவு பெரிய பஃபரும் கடைசியில் வற்றும், அல்லது நிரம்பி வழியும். ஓடையில் வரும் 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைப் பின்தொடரும் டிகோடரில் இந்தத் தொல்லை இல்லை. வெளியீட்டை, ஸ்டுடியோவின் எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் ஓட்டும் ஜென்லாக்குக்குக் கட்டிவிட்டால் அவ்வப்போது ஒரு ஃப்ரேம் போவதை ஏற்கத்தான் வேண்டும், இரு முனையையும் ஒரே கடிகாரத்தில் வைக்காதவரை.

பஃபரைக் குறைப்பதற்கு முன், அனுப்பும் பக்கத்தில் வீடியோவைச் சுருக்கும் என்கோடரைப் பாருங்கள். பின்னால் வரும் ஃப்ரேமையும் பார்த்துச் சுருக்கப்படும் பி-ஃப்ரேம் அடுத்தடுத்து 2 இருந்தால் 25 ஃப்ரேம் வேகத்தில் அங்கேயே குறைந்தது 80 மில்லி விநாடி போய்விடும். அதை அணைத்தால் அதே தரத்துக்குப் பிட்ரேட் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பாக்கெட் இழப்பைத் தாங்கும் பஃபர் அப்படியே இருக்கும்.