போனையும் டிவியையும் இணைத்து வீடியோ பார்ப்பது: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

போனில் ஓடும் வீடியோவை டிவியில் பார்க்க காஸ்ட், ஸ்கிரீன் மிரரிங், கேபிள் என்ற மூன்றையும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: வீடியோ போன் வழியாக டிவிக்குப் போகிறதா, டிவியே அதை நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறதா? படத்தின் தெளிவு, போனின் சூடு, நடுவில் நிற்பது எல்லாமே பெரும்பாலும் இதைப் பொறுத்தவைதான்.

டிவியே எடுத்துக்கொள்வது காஸ்ட். வீடியோ ஆப்பின் மூலையில் ஒரு சின்ன திரைப் படம், அதன் ஓரத்தில் வைஃபை வளைவுகள் இருக்குமே, அதைத் தொட்டால் போதும். போன் அந்த வீடியோ எங்கே இருக்கிறது என்ற தகவலை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 2013இல் வந்த, டிவியில் செருகும் கூகுளின் சின்னக் கருவியான குரோம்காஸ்ட் பரவலாக்கிய இந்த வசதி இப்போது ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவிகளிலேயே சேர்ந்து வருகிறது. படம் ஓடும்போது போனில் பேசலாம், திரையை அணைத்து வைக்கலாம். பேட்டரியும் அவ்வளவாக இறங்காது. என் வீட்டில் தினமும் நடப்பது இதுதான்.

காஸ்ட் சின்னமே வரவில்லை என்று பலர் டிவியைக் குறை சொல்கிறார்கள். காரணம் அநேகமாக வேறு இடத்தில் இருக்கும். போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ரவுட்டரில் விருந்தினருக்கென்று இருக்கும் தனி வைஃபையில் சேர்ந்த போனுக்கு டிவி கண்ணிலேயே படாது. போனில் விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் ஆப்) ஓடினாலும் பல நேரம் அப்படித்தான். ஐபோனில் இன்னொன்றும் உண்டு: 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளைத் தேட ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் அந்த ஆப்பில் டிவி தெரியவே தெரியாது. செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் அதைத் திரும்ப இயக்கினால் சரியாகிவிடும்.

ஐபோனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் ஆப்பிளின் ஏர்ப்ளே, டிவியே எடுத்துக்கொள்வது, போன் வழியாகப் போவது என்று இரண்டு விதமாகவும் வேலை செய்யும். 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் சிலவற்றிலும் அது கிடைக்கிறது.

அடுத்தது மிரரிங். இதில் போன் தன் திரையில் தெரிவதை அந்தந்த நொடியே வீடியோவாகச் சுருக்கி டிவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 2012இல் வந்த மிராகாஸ்ட்டில் போனும் டிவியும் ரவுட்டர் இல்லாமலே நேராகப் பேசிக்கொள்ளும். அது நல்ல வசதி. ஆனால் படம் பார்க்க எனக்கு இது பிடிக்கவில்லை. வேகமான காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, போன் சூடாகிறது, திரை அணையக் கூடாது, வருகிற குறுஞ்செய்தியெல்லாம் டிவியில் எல்லோருக்கும் தெரிகிறது. பல ஓடிடி ஆப்களில் பதிப்புரிமைப் பாதுகாப்பு காரணமாகச் சத்தம் மட்டும் வந்து திரை கருப்பாகவே நிற்கும்.

படத்தின் அளவிலும் ஓர் இழப்பு இருக்கிறது. இன்றைய போன்கள் பல 20:9 விகிதத்தில் நீளமாக வருகின்றன. டிவி 16:9. வழக்கமான 16:9 வீடியோவைப் போனில் ஓட்டினால் இடமும் வலமும் கருப்புப் பட்டை விழும். அந்தத் திரையை அப்படியே டிவிக்கு அனுப்பினால் மேலும் கீழும் இன்னொரு பட்டை சேரும். நாலு பக்கமும் கருப்பு, நடுவில் படம். கணக்குப் போட்டால் 43 அங்குல டிவியில் 34 அங்குலப் படம்தான் கிடைக்கிறது! போட்டோ காட்டவும், ஏதாவது ஆப்பை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் மட்டும் மிரரிங்கை வைத்திருக்கிறேன். அதற்கு இதைவிட வசதி இல்லை.

இணையம் சரியில்லாத இடத்துக்குக் கேபிள்தான். வைஃபை வழியாக வரும் தாமதமும் உடைசலும் இதில் இல்லை. ஆனால் டைப்-சி போர்ட் இருந்தாலே டிவிக்குப் படம் போகும் என்று நினைத்து, அதை டிவியின் எச்டிஎம்ஐ கேபிளோடு சேர்க்கும் அடாப்டரை வாங்கிவிடாதீர்கள். அந்தப் போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட், அதாவது டைப்-சி வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் வசதி, இருக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 தான், அவற்றில் சார்ஜ் ஏறும், ஃபைல் போகும், படம் மட்டும் வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு போர்ட்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் கொடுமை. ஐபோனில் 15ஆம் வரிசையிலிருந்து இது உண்டு. பிக்சல் 8இல் 2024இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் வேலை செய்தது. போனின் விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடாப்டரில் சார்ஜ் போட ஒரு துளை தனியாக இருப்பது அவசியம், இல்லாவிட்டால் நீளமான படம் முடியும் முன் பேட்டரி முடிந்துவிடும். இன்னொன்று, 4கே என்று போட்டிருக்கும் மலிவான அடாப்டர்கள் பல நொடிக்கு 30 ஃபிரேம்தான் தரும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்தான் என்பதால் அதற்கு ஓரளவு பரவாயில்லை. நொடிக்கு 60 ஃபிரேமில் வரும் விளையாட்டுப் போட்டியில் பந்து விட்டு விட்டு ஓடும். அப்போது போனில் அளவை 1080க்குக் குறைக்க வழி இருந்தால் குறைத்துப் பாருங்கள், அசைவு சீராகும்.

போனிலேயே எடுத்த குடும்ப வீடியோக்களுக்கு நான் இதில் எதையுமே பயன்படுத்துவதில்லை. பென் டிரைவைப் போனில் செருக உதவும் ஓடிஜி அடாப்டர் வழியாக அதில் ஏற்றி டிவியின் யுஎஸ்பி துளையில் செருகிவிடுகிறேன். ஃபேட்32 வடிவில் (ஃபைல்களைச் சேமிக்கும் ஒரு முறை) உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. டிவி ஏற்றுக்கொண்டால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.