நான்கு கட்டிலா, ஒரே கட்டிலா? இலங்கையில் இரண்டு நலவாழ்வுப் பயணங்கள்

இலங்கைக்கு நலவாழ்வுப் பயணமாக இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். 2023 பிப்ரவரியில் அக்காவுடன், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில், நாட்டைச் சுற்றிவரும் ஒன்பது நாள் பயணம். 2025 பிப்ரவரியில் தனியாக, எட்டுப் பேர் கொண்ட குழுவில், தெற்குக் கடற்கரையில் தங்காலைக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் பத்து இரவுகள். இரண்டையும் விற்பவர்கள் ஒரே மாதிரிதான் விற்கிறார்கள். சிறு குழு, தினமும் யோகா, ஆயுர்வேத சிகிச்சை, சைவச் சாப்பாடு என்று விளம்பரத்தில் சொற்கள்கூட மாறுவதில்லை. உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு ஒரே வீட்டில் தங்குவதற்குத்தான். அக்காவின் ஓட்டு மற்றதற்கு. அதையும் பின்னால் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாக முடித்துவிடுவோம். சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். தெற்கு, மேற்குக் கடற்கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தனி அறை கேட்டால் கூடுதல் கட்டணம். இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவருடன் அறையைப் பகிர வேண்டும். இதில் இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லை.

பணத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. விளம்பரத்தில் சுற்றுப் பயணம்தான் மலிவாகத் தெரியும். அதில் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம், சிகிரியா பாறைக்கோட்டை போன்ற இடங்களுக்கு நுழைவுச்சீட்டு தனி, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பு தனி. தங்கும் வீட்டில் வைத்தியர், சிகிச்சை, மூன்று வேளைச் சாப்பாடு, கஷாயம் எல்லாம் ஒரே கணக்கு. ஒரு நாளுக்கு எவ்வளவு ஆனது என்று கடைசியில் வகுத்துப் பார்த்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. (சிகிரியாவில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டுக் குடிமக்களுக்குச் சலுகை விலை உண்டு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். எங்கள் வழிகாட்டி அதைக் கடைசி நிமிடத்தில்தான் நினைவுபடுத்தினார்.)

நான் எடைபோடச் சொல்வது ஒரே விஷயத்தைத்தான்: ஒரே கட்டிலில் எத்தனை இரவு, வண்டியில் எத்தனை மணி நேரம்.

முதல் பயணத்தின் கணக்கு இது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிகிரியா நான்கு மணி நேரம். சிகிரியாவிலிருந்து கண்டிக்கு மூன்று. நடுவில் மாத்தளையில் ஒரு வாசனைத் தோட்டத்தில் இறக்கி, எண்ணெய்ப் புட்டிகளை விற்கப் பார்த்த நேரம் இதில் சேரவில்லை. கண்டியிலிருந்து எல்ல என்ற மலையூருக்கு ரயிலில் ஏழு. எல்லவிலிருந்து தெற்குக் கடற்கரையில் உள்ள வெலிகமவுக்கு நான்கு. வெலிகமவிலிருந்து விமான நிலையத்துக்கு மூன்று. மொத்தம் இருபத்தொரு மணி நேரம். எட்டு இரவுகளுக்கு நான்கு விடுதிகள், அதாவது ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டே இரவு. முதல் இரவு விளக்கின் சுவிட்ச் எங்கே என்று தேடுவதில் போகும். இரண்டாம் இரவு பெட்டியைக் கட்டுவதில் போகும்.

யோகாவையும் எண்ணிப் பார்த்தேன். தினமும் காலையில் யோகா என்றுதான் போட்டிருந்தார்கள். எட்டுக் காலைகளில் மூன்றில்தான் நடந்தது. ஒரு காலை சிகிரியா ஏற்றம், மற்ற நான்கும் கிளம்பும் காலைகள். மாலையில் ஈடுகட்டுகிறோம் என்றார்கள். ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்த உடம்பு மாலையில் விரிப்பைக் கண்டால் சவாசனம் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்கிறது.

சிகிச்சைகளின் கதை இன்னும் வேடிக்கை. முதல் மாலை சிகிரியா விடுதியில் எனக்குச் சிரோதாரா செய்தார்கள். நெற்றியில் எண்ணெயை இழையாக ஊற்றுவது. அருமையாகத்தான் இருந்தது. அன்றிரவு தலைக்குக் குளிக்கக் கூடாது என்று சொல்லி ஒரு பருத்தித் துணியைக் கட்டிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஏறத்தாழ 1200 படிகள். சிங்கப் பாதங்கள் இருக்கும் திடலுக்கு வருவதற்குள் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கிவிட்டன. புகழ்பெற்ற அந்தச் சுவரோவியங்களை ஒரு கண்ணால் பார்த்தவள் நான்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு விடுதியிலும் புதிய கை, புதிய எண்ணெய், புதிய படிவம். தூக்கம் எப்படி, பசி எப்படி, மலம் எப்படி, வியர்வை எப்படி என்று அதே கேள்விகள். சிகிரியாவில் என் உடல்வாகு வாதம் என்றார்கள். ஆறு நாள் கழித்து வெலிகமவில் பித்தம் என்றார்கள். எல்லவில் வைத்தியரே இல்லை. மெதுவாகப் பிடிக்கவா, அழுத்திப் பிடிக்கவா என்று மட்டும் கேட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. நாளை மறுநாள் கிளம்பிவிடுகிறவருக்கு எந்த வைத்தியரும் அதற்கு மேல் என்ன செய்வார்? எண்ணெய் தேய்த்து அனுப்பலாம், அவ்வளவுதான்.

எங்கள் ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தமிழர். எல்லவிலிருந்து கீழே இறங்கும்போது கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, ஓய்வெடுக்கத்தான் எல்லோரும் வருகிறீர்கள். ஆனால் தூங்குவதெல்லாம் என் வண்டியில்தான்."

இனி இரண்டாவது பயணம். விமான நிலையத்திலிருந்து அதிவேகப் பாதையில் மூன்றரை மணி நேரம், திரும்பும்போது மூன்றரை. மொத்தம் ஏழு, முதல் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தேன். பயணத்தில் நான் அலமாரியைத் தொட்டது அதுவே முதல் தடவை.

வைத்தியர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. முதல் நாள் முக்கால் மணி நேரம் பேசினார், நாடி பிடித்தார், நான் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டுப் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் அதே நோட்டோடு வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், பார்த்தார், இரவுத் தயிரை நிறுத்தினார், எண்ணெயை மாற்றினார். ஆறாம் நாள் மறுபடி. மேலே சொன்ன இருபத்தொரு மணி நேரக் கணக்கைவிட இந்த நோட்டுதான் எனக்கு இரு பயணங்களுக்கும் உள்ள வித்தியாசம். நேற்று என்ன செய்தோம் என்று தெரிந்த ஒருவர் இன்று அடுத்ததைச் செய்கிறார்.

ஆயுர்வேதத்தின் போக்கே அப்படித்தான். பஞ்சகர்மம் என்ற சொல்லை எல்லா விளம்பரத்திலும் காணலாம். வமனம் (வாந்தி), விரேசனம், வஸ்தி (எனிமா), நஸ்யம் (மூக்கில் மருந்து விடுவது), ரத்தமோட்சணம் (ரத்தம் எடுப்பது) என்ற ஐந்தும் நேராகத் தொடங்குவதில்லை. அதற்கு முன் சில நாட்கள் உள்ளுக்கு நெய்யும் வெளியே எண்ணெயும் கொடுத்து, வியர்க்க வைத்து உடம்பைத் தயார் செய்ய வேண்டும். பிறகு கஞ்சியில் தொடங்கி மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு ஆறாம் நாள் விரேசனம், அதாவது பேதி. காலையில் ஒரு சிறு கிளாஸ் மருந்து, பிறகு நாள் முழுக்க அறையை விட்டு நகரவில்லை, நகரவும் முடியாது. மாலையில் உப்பில்லாத அரிசிக் கஞ்சி. இதை எந்த வேனில், எந்த மலைப்பாதையில் வைத்துச் செய்ய முடியும்? சுற்றுப் பயணத் திட்டத்தில் பஞ்சகர்மம் என்ற சொல் இருந்தால், அங்கே எண்ணெய்த் தடவலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது காலைக் கஞ்சி. கொலகெந்த என்கிறார்கள், இலைச்சாறு சேர்த்த பச்சைக் கஞ்சி, பெரும்பாலும் வல்லாரை. சிறு கிண்ணத்தில் சூடாக வரும், பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கஞ்சியைக் குடிக்க வேண்டும். உள்ளே போட்டுக் கலக்கிய என்னைப் பரிமாறுபவர் பரிதாபமாகப் பார்த்தார். பதினோரு மணிக்கு ரணவரா என்று ஒரு மஞ்சள் பானம். இரண்டு நாள் குடித்த பிறகுதான் அது நம் ஆவாரம்பூ என்று தெரிந்தது. பெலிமல் என்பது வில்வப்பூ. கூட இருந்த ஜெர்மானியர்கள் இதையெல்லாம் அதிசயமாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாட்டி வீட்டு அடுப்படிக்குப் போன மாதிரி இருந்தது.

குறைகளை மறைக்கக் கூடாது. காப்பி கிடையாது, இரண்டாம் நாள் மாலை தலைவலி உச்சத்துக்குப் போய் மூன்றாம் நாள்தான் இறங்கியது. நான்காம் நாள் சலிப்பு வரும், கட்டாயம் வரும். கடல் எதிரிலேயே இருந்தும் சிகிச்சை நாட்களில் இறங்கக் கூடாது என்றார்கள். சும்மாவே அந்தப் பக்கக் கடலில் இழுப்பு அதிகம். வெளியே போனது இரண்டே அரை நாட்கள்: முல்கிரிகல குகைக் கோயில், காலிக் கோட்டை. எட்டுப் பேரில் ஒருவர் ஓயாமல் பேசுகிறவராக வாய்த்துவிட்டால் தப்பிக்க வழியில்லை. வேனில் என்றால் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு சன்னலைப் பார்க்கலாம், பத்து நாள் ஒரே சாப்பாட்டு மேசையில் அது நடக்காது. எங்கள் குழுவில் வாய்த்தார். அதிர்ஷ்டவசமாக ஐந்தாம் நாளிலிருந்து காலையுணவை மௌனமாகச் சாப்பிடுவது என்று வைத்தியரே ஏற்பாடு செய்துவிட்டார், யாருக்காக என்று சொல்லாமல்.

உடம்புக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அடக்கித்தான் வாசிக்க வேண்டும். நன்றாகத் தூங்கினேன். இரண்டு வருடமாக இருந்த தோள்வலி போய், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. எண்ணெயால் போனதா, பத்து நாள் கணினியைத் தொடாததால் போனதா, பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. நோய் என்று ஏதாவது இருப்பவர்கள் என் அனுபவத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அங்கே யார் சொன்னாலும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பதிவு பெற்ற வைத்தியர் முழுநேரமும் அங்கேயே இருப்பாரா, வாரம் ஒருமுறை வந்து போவாரா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், இரண்டு இடங்கள் அந்தக் கேள்விக்குப் பிறகு பதிலே போடவில்லை.

மழைக்காலத்தைப் பற்றி அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. நான் போன இரு முறையும் பிப்ரவரி. ஆனாலும் யோசித்தால் தெரிகிறது: ஒரே வீட்டில் இருப்பவருக்கு மழை பெய்தால் தாழ்வாரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், சுற்றுகிறவருக்கு அன்றைய திட்டமே போச்சு. மலைப்பாதை வேறு. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது கண்டியிலிருந்து எல்லவுக்குப் போகும் அந்த ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. எல்லப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, சுற்றுப் பயணத்தை யாருக்கும் வேண்டாம் என்பேனா? மாட்டேன். இலங்கையை முதல்முறை பார்க்கப் போகிறவர், மறுபடி போவோமா என்று தெரியாதவர், நாற்காலியில் சும்மா உட்காரப் பிடிக்காதவர், இவர்களுக்கு அதுதான் பொருத்தம். அதை நலவாழ்வு என்று நினைக்காமல், இடையிடையே எண்ணெய்த் தடவல் உள்ள நல்ல ஊர்சுற்றல் என்று நினைத்துப் போனால் குறையே தெரியாது. கண்டியில் நாங்கள் இருந்தது பௌத்தர்களின் நவம் மாதப் பௌர்ணமி நாள். வெள்ளை உடுத்திய கூட்டம் தாமரை மொட்டுகளோடு புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குள் நகர்ந்துகொண்டிருந்ததை இன்னும் மறக்கவில்லை. அப்போது நாட்டில் தினமும் மின்வெட்டு இருந்த காலம். விடுதியில் விளக்கு அணைந்து ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும் அந்த நொடி இருட்டில் ஏரியைப் பார்த்தது தங்காலை வீட்டில் கிடைத்திருக்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது: சிகிரியாப் பக்கம் மூன்று இரவு, பிறகு தெற்கே ஏழு இரவு. நான் போனதில்லை. போவதாக இருந்தால் ஊர்சுற்றலை முதலிலும் சிகிச்சையைப் பிறகும் வைத்திருக்கும் திட்டத்தை எடுப்பேன். பேதி மருந்து குடித்த உடம்போடு 1200 படி ஏற எனக்குத் தெம்பில்லை.

அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பத்து நாள் கஞ்சி குடிக்க நான் ஏன் விமானம் ஏற வேண்டும்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். சிகிரியா உச்சியில் எடுத்த படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவர் கம்பீரமாக நிற்கிறார்; பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒருத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.