நேபாளமா, இலங்கையா, சபாவா: வளர்ந்த பிள்ளைகளோடு எந்த மலைக்குப் போவது?

வெளிநாட்டில் மலையேறப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் எல்லோரும் படங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நான் முதலில் எடுக்கச் சொல்வது பள்ளிக்கூட நாட்காட்டியை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை மூன்றே இடைவெளிகள்: செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸை ஒட்டி அரையாண்டு விடுமுறை, அப்புறம் ஏப்ரல் பிற்பாதியில் தொடங்கும் கோடை. இந்த மூன்றில் எது நம் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பட்டியலில் பாதி இடங்கள் தானாகவே உதிர்ந்துவிடும்.

சுவிட்சர்லாந்து அப்படித்தான் உதிர்கிறது. ஆல்ப்ஸின் உயரமான நடைபாதைகள் பலவற்றில் மே மாதம் பனி உருகியிருக்காது. பல இடங்களில் கேபிள் கார்களைப் பராமரிப்புக்கு நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கே நடக்கத் தோதான காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. அப்போது நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். நியூசிலாந்தின் புகழ்பெற்ற நெடுநடைப் பாதைகளுக்கு ஏப்ரலோடு பருவம் முடிகிறது. டிசம்பரில் போகலாம்தான், ஆனால் ஏறக்குறைய பத்து நாளே வரும் அரையாண்டு விடுமுறையில் போகவும் வரவுமே நாட்கள் கரைந்துவிடும். விசா, செலவு பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.

மிச்சம் நிற்பவற்றில் சென்னை, திருச்சிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே ஒன்றோடொன்று போட்டியிடுபவை மூன்று: நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவாரம், இலங்கை மலையகம், போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபா. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். அந்த வயதுப் பிள்ளைகளோடு நடக்கும்போது ஒன்று புரியும்: குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் இப்போது பிள்ளை இல்லை, நாம்தான். ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பையனின் தெம்பைவிட அப்பாவின் முழங்காலைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் போய்விட்டாலும் பயமில்லாத பாதையா என்பதும் முக்கியம். எந்நேரமும் அம்மா அப்பாவின் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்றால் அவர்களுக்கு அது பள்ளிச் சுற்றுலாதான்.

நேபாளம்: பூன் ஹில் பாதை

பொக்காராவிலிருந்து ஜீப்பில் உல்லேரிப் பக்கம் போய், கோரேபானி, தடாபானி, காந்த்ருக் என்று நடந்து திரும்பும் வட்டம். நிதானமாக நடந்தால் நான்கு நாள் ஆகும். உச்சியான பூன் ஹில் 3,210 மீட்டர். அங்கே விடியற்காலையில் நின்றால் 8,167 மீட்டர் தவுளகிரியும், 8,091 மீட்டர் அன்னபூர்ணாவும், மீன்வால் போலப் பிளந்த மச்சாபுச்சரேயும் தெரியும். மச்சாபுச்சரே புனித மலை. அதன் உச்சிக்கு ஏற அனுமதி தருவதில்லை.

இந்தப் பாதையை நான் முதலிடத்தில் வைப்பது அந்தக் காட்சிக்காக மட்டுமல்ல. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரத் தொடங்கும். இங்கே இரவு தூங்கும் இடம் எதுவும் 2,900 மீட்டரைத் தாண்டுவதில்லை. கோரேபானி வரை கொஞ்சம் கொஞ்சமாக உயரம் கூடுகிறது, பிறகு குறைகிறது. உச்சியில் தங்காமல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். உடம்பு பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது. பாதையும் தெளிவானது. கல் பாவிய படிகள், நடுநடுவே ஊர்கள், சிறு இடைவெளிகளில் டீக்கடையோடு கூடிய விடுதிகள். பெண் முன்னால் போய்விட்டாள் என்றால் அடுத்த விடுதியில் எலுமிச்சைத் தேநீர் குடித்துக்கொண்டு நமக்காகக் காத்திருப்பாள். படிகள் மட்டும் கொஞ்சம் கொடுமை: உல்லேரிக்கு ஏறும் பகுதியில் மூவாயிரத்துக்கும் மேல். ஜீப்பை மேலே வரை கொண்டுபோனால் அதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். தவிர்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சாப்பாடு பற்றி நம்மவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சோறு, பருப்பு, ஒரு காய், ஊறுகாய். கேட்டால் மறுபடியும் போடுவார்கள். வளரும் பையன்கள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

இந்தியர்களுக்கு விசா கிடையாது. ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், 15 முதல் 65 வயது வரையானவர்களுக்கு ஆதார் செல்லாது. பிள்ளைகளுக்கு வாக்காளர் அட்டை இருக்காது என்பதால் பாஸ்போர்ட்டே சிக்கலற்ற வழி. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களின் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம், ஆக 625 ரூபாய். வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்தார்கள். விதியே இல்லாவிட்டாலும் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. நாம் சொன்னால் கேட்காத பிள்ளைகள் அவர் சொன்னால் கேட்பார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய குறை போக்குவரத்து. சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தில்லியிலோ பெங்களூரிலோ விமானம் மாற வேண்டும். காத்மாண்டுவிலிருந்து பொக்காரா 200 கிலோமீட்டர்தான், ஆனால் சாலையில் ஒரு பகல் போய்விடும். உள்நாட்டு விமானத்தில் அரை மணி நேரம். 2023 ஜனவரியில் பொக்காரா அருகே 72 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு அதில் ஏறத் தயங்குபவர்களும் உண்டு. நான் சாலை வழியையே சொல்வேன், பகல் நேரமாகப் பார்த்து.

மேயில் போனால் மலைகள் பெரும்பாலும் புழுதிப் புகைமூட்டத்தில் இருக்கும், பிற்பகலில் இடிமழை வரும். காலாண்டு விடுமுறையில் போனால் பருவமழையின் வால் இருக்கும். 2024 செப்டம்பர் கடைசியில்தான் நேபாளத்தில் பெருவெள்ளம் வந்தது. டிசம்பரில் வானம் கண்ணாடி மாதிரி. குளிர் மட்டும் கடுமை: கோரேபானியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், கணப்பு சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான், அறைகளில் இல்லை. சென்னையில் தடிமனான ஜாக்கெட் வாங்கி அலமாரியை அடைக்க வேண்டாம்; பொக்காராவின் ஏரிக்கரைக் கடைகளில் ஜாக்கெட், தூக்கப் பை, ஊன்றுகோல் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும்.

சபா: கினபாலு மலையும் கடலும்

கினபாலு 4,095 மீட்டர். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், கயிறு கட்டி ஏறும் மலை இல்லை; நடந்தே போகலாம். ஆனால் எண்ணைப் பார்த்து லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாசலில் ஆரம்பித்து ஆறு கிலோமீட்டர் ஏறி, சுமார் 3,270 மீட்டரில் விடுதிகள் இருக்கும் பனலபானில் படுக்க வேண்டும். இரவு இரண்டு மணி வாக்கில் எழுந்து, நெற்றி விளக்கோடு மொட்டைக் கருங்கல் சரிவில் கயிறு பிடித்து இன்னும் 2.7 கிலோமீட்டர். விடியும்போது உச்சி. அன்றைக்கே வாசல் வரை இறங்கிவிட வேண்டும்: ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம். ஏறும்போது பிள்ளைகள் ஜெயிப்பார்கள். இறங்கும்போது நம் முழங்கால் பதில் சொல்லும்.

பூன் ஹில்லோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இங்கேதான். நேபாளத்தில் உடம்புக்கு நாட்கள் கொடுக்கிறோம். கினபாலுவில் ஒரே ஒரு இரவு. கடற்கரை நகரமான கோட்டா கினபாலுவிலிருந்து நேரே போய் ஏறினால் பனலபானில் தலை கனக்க நல்ல வாய்ப்பு உண்டு. முந்தின இரவைப் பூங்காத் தலைமையகத்தின் அருகே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கழித்தால் கொஞ்சம் தேவலை. வழிகாட்டி கட்டாயம். மேலே படுக்கை இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. படுக்கைகள் குறைவு, மாதக்கணக்கில் முன்னதாகவே நிறைந்துவிடும். படுக்கை, உணவு, அனுமதி, வழிகாட்டி எல்லாம் சேர்த்து வெளிநாட்டவருக்குத் தனி விலை. நால்வர் குடும்பத்துக்கு முழுப் பயணத்திலேயே பெரிய செலவு அதுவாகத்தான் இருக்கும்.

இந்த மலையை விளையாட்டு மைதானமாக எண்ணக் கூடாது என்பதற்கு 2015 ஜூன் 5ஆம் தேதி ஒரு காரணம். 6.0 அளவு நிலநடுக்கத்தில் மலையில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிறகு பாதையின் சில பகுதிகளை மாற்றி அமைத்தார்கள். சபாவின் பழங்குடிகளான கடசான் டூசுன் மக்களுக்கு இது முன்னோர்களின் ஆவி தங்கும் இடம். அதைத் தெரிந்துகொண்டு ஏறுவது மரியாதை.

அப்படியென்றால் சபாவை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறேன்? மலையைத் தாண்டி அங்கே இருப்பவற்றுக்காக. செபிலோக்கில் 1964 முதல் இயங்கும் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம், கினபத்தாங்கான் ஆற்றில் படகிலிருந்தே பார்க்கும் நீள்மூக்குக் குரங்குகள், நகரத்துக்கு எதிரே படகில் சில நிமிடத்தில் தீவுகள். பத்து வயதிலிருந்தே பிள்ளைகள் ஸ்கூபா சான்றிதழ்ப் பயிற்சி எடுக்கலாம். மூன்று நான்கு நாள் ஆகும், நன்றாக நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் பிடித்த பிள்ளைக்கு இதற்கு இணை மற்ற இரண்டு இடங்களிலும் இல்லை. ஒரே ஒரு விதி: மலை முதலில், கடல் பிறகு. ஆழத்தில் மூழ்கி எழுந்தவர் உடனே உயரத்துக்குப் போவது ஆபத்து. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும். ஊர் திரும்பும் விமானத்துக்கும் இதே கணக்குதான், கடைசி மூழ்கலுக்குப் பிறகு ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

இன்னொரு அனுகூலம், மே மாதத்தில் சபா திறந்தே இருக்கும். மழை வருடம் முழுக்க வந்து போகும், ஆனால் ஒரேயடியாக மூடிவிடும் பருவம் என்று மே இல்லை. டிசம்பர்தான் நனையும் மாதம். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்து, பிறகு நீட்டித்தது. டிக்கெட் எடுக்குமுன் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோலாலம்பூர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், அங்கிருந்து இன்னும் இரண்டரை மணி நேரம். சபாவில் தனியாக இன்னொரு முறை பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், உள்நாட்டு விமானம்தானே என்று பெட்டிக்குள் போட்டுவிட வேண்டாம். சைவக் குடும்பம் என்றால் நகரத்தை விட்டு வெளியே போனதும் சாப்பாடு திண்டாட்டம்தான்.

இலங்கை

அருகில் இருப்பதாலேயே நாம் குறைத்து மதிப்பிடும் இடம். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம். கொடைக்கானலுக்குப் போய்ச் சேருமுன் அங்கே இறங்கிவிடலாம்.

மலை என்று பார்த்தால் சின்னது. சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். ஹட்டன் பக்கத்து நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இரவில் ஏறி சூரிய உதயம் பார்ப்பது வழக்கம். யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அப்போது பாதை முழுக்க விளக்கு, தேநீர்க் கடை, பாட்டிமார் முதல் கைக்குழந்தை வரை கூட்டம். பதினைந்து வயதுப் பையனை ஒரு எழுபது வயதுப் பாட்டி நிதானமாகத் தாண்டிப் போவது அங்கே சாதாரணக் காட்சி. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம் வரை ஒன்பது கிலோமீட்டர் வட்ட நடை. காலை ஒன்பது பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் மூடுபனியை மட்டும்தான் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது பீக்கோ பாதை. கண்டியிலிருந்து ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா வரை, தேயிலைத் தோட்டங்கள் ஊடாக 22 பகுதிகளாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பிரிட்டிஷ் காலத்தில் கொழுந்து ஏற்றிப்போன பழைய தோட்டச் சாலைகள்தாம் பெரும்பாலும். முழுக்க யாரும் நடக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். இந்தப் பாதையின் சிறப்பு நம் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைப்பது: வழியில் பார்ப்பவர்களோடு தமிழில் பேசலாம். மலையகத் தமிழரின் மூதாதையர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கூலி வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்கள். தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயன்களையும் கூலிப் பிரச்சினையையும் நேரில் பார்க்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்கும் கேள்விகளுக்கு நாம் தயாராகப் போவது நல்லது. வேறு எந்த இடமும் இப்படிப்பட்ட உரையாடலைத் தராது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. மண்சரிவில் சாலைகளும் ரயில் தடமும் பெரிதும் அடிவாங்கின. ஆகவே போகுமுன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று உள்ளூரில் விசாரிக்க வேண்டும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை மலையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கிழக்குக் கரையில் அறுகம்பே அலைச்சறுக்குக்கு நல்ல காலம். டிசம்பரில் தெற்கே வெலிகம. கித்துல்கலவில் களனி ஆற்றில் ரப்பர் படகுப் பயணமும் உண்டு. ஆனால் சாகசம் மட்டுமே தேடும் பதினேழு வயதுக்காரர், நம்ம ஊர் மாதிரியேதானே இருக்கு என்று சொல்லிவிடும் அபாயமும் உண்டு.

என்னைக் கேட்டால்

கையில் இருப்பது அரையாண்டு விடுமுறை, பிள்ளைகள் பதின்மூன்றிலிருந்து பதினாறு, பெற்றோர் தினமும் மொட்டை மாடியில்கூட நடக்காதவர்கள் என்றால் நேபாளம். கால் வலிக்கும், ஆனால் யாரும் பயந்து திரும்ப வேண்டியிருக்காது. தாத்தா பாட்டியும் வருகிறார்கள், அல்லது ஒரு பிள்ளைக்குப் பதினைந்து, இன்னொன்றுக்கு ஒன்பது என்றால் இலங்கைதான் வசதி. நடக்க விரும்புபவர் நடக்கலாம், மற்றவர்கள் வேனில் அடுத்த ஊருக்கு வந்துவிடலாம்.

சபாவைப் பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த பிள்ளைக்காக வைத்திருப்பேன். தேர்வு முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் நீண்ட ஏப்ரல் மே அதற்குத்தான் பொருத்தம். அதற்கு முந்தின டிசம்பரிலேயே பனலபான் படுக்கையைப் பதிவு செய்துவிட வேண்டும், பொதுத்தேர்வு அட்டவணையைப் பார்த்துத் தேதி போட்டு. நீச்சல் வகுப்பையும் அப்போதே ஆரம்பித்துவிடலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது 4,000 மீட்டருக்கு மேற்பட்ட நடையும் ஸ்கூபாவும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; சாதாரணத் திட்டங்கள் பல இரண்டையும் ஒதுக்கிவிடும்.