இம்ப்ளாண்ட் வைத்த பிறகு யாரிடம் காட்டுவது: வழக்கமான பல் மருத்துவரா, ஈறு நிபுணரா?

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியத் திருகை, அதாவது இம்ப்ளாண்டை வைத்து, மேலே கேப் மாட்டி, நன்றாக மென்று சாப்பிடவும் ஆரம்பித்துவிட்டால், அந்த வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது, உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ஈறுக்கும், பிடித்துக்கொண்டிருக்கும் எலும்புக்கும் நோய் வரும். ஈறு மட்டும் வீங்கி இரத்தம் கசிந்தால் மியூகோசைட்டிஸ். எலும்பும் கரையத் தொடங்கினால் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ். 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இம்ப்ளாண்ட் வைத்தவர்களில் சராசரியாக 43 சதவீதம் பேருக்கு முதலாவதும், 22 சதவீதம் பேருக்கு இரண்டாவதும் இருக்கலாம் என்று கணக்கிட்டது. முதல் கட்டத்தில் பிடித்தால் சரியாகிவிடும். கரைந்த எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

அதனால் யார் இதைக் கண்காணிப்பது என்பது சின்னக் கேள்வி இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் பல் மருத்துவருக்கு ஒரு பெரிய பலம் உண்டு: நாம் அவரிடம் போவோம். வாயின் முழு வரலாறும், சர்க்கரை நோயும், புகைப் பழக்கமும் அவருக்குத் தெரியும். இந்த நோயில் ஒழுங்காகப் போய்க் காட்டுவதுதான் பாதி சிகிச்சை. பிரேசிலில் மியூகோசைட்டிஸ் இருந்தவர்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பராமரிப்புக்கு ஒழுங்காக வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு அது பெரி-இம்ப்ளாண்டைட்டிஸாக முற்றியது. வராதவர்களில் கிட்டத்தட்ட 44 சதவீதம்.

சிக்கல் எங்கே என்றால், பொதுப் பல் மருத்துவர் பலர் இயற்கைப் பல்லுக்குப் பழகிய கண்ணோடு இம்ப்ளாண்டைப் பார்க்கிறார்கள். பல்லின் வேரில் ஈறின் நார்கள் நேராகப் போய்ப் பதிந்திருக்கும். இம்ப்ளாண்டில் அவை உலோகத்துக்கு இணையாக ஓடுமே தவிர, அதில் பதிவதில்லை. அழற்சி கீழே இறங்க அங்கே தடை குறைவு, அதனால் நோய் பல்லில் பரவுவதைவிட வேகமாகப் பரவும். பெரும்பாலும் வலியும் இருக்காது. ஈறு நோய் முற்றினால் பல் ஆடும். இம்ப்ளாண்டோ, எலும்போடு உள்ள பிடிப்பு முழுதாக விட்டுப்போகும் வரை ஆடாது. கேப்பை விரலால் அசைத்துப் பார்த்து “கெட்டியா இருக்கு, ஒண்ணும் பிரச்சினை இல்லை” என்று சொன்னால், பரிசோதனை நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

உண்மையான பரிசோதனை சில நிமிட வேலை. மில்லிமீட்டர் கோடு போட்ட, முனை மழுங்கிய மெல்லிய ப்ரோபை ஈறுக்கும் இம்ப்ளாண்டுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார்கள். அழுத்தம் மிக லேசாக இருக்க வேண்டும். சுற்றிலும் ஆறு இடங்களில் அளந்து, ஒவ்வொரு எண்ணையும் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, எங்கே இரத்தம் வருகிறது, எங்கே சீழ் தெரிகிறது என்று பார்ப்பார்கள். “இம்ப்ளாண்டில் ப்ரோப் விட்டால் கீறல் விழும், ஒட்டு விட்டுப்போகும்” என்ற பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ப்ரோப் செய்த பிறகு ஈறின் ஒட்டு சுமார் 5 நாட்களில் திரும்பச் சேர்ந்துவிடுவதை விலங்கு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ப்ரோப் செய்யாமல் விடுவதுதான் ஆபத்து.

எக்ஸ்ரே மட்டும் போதாதா? போதாது. அதில் இம்ப்ளாண்டின் இரு பக்கவாட்டு எலும்புதான் தெரியும். கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் கரைந்திருந்தால் மறைந்துவிடும். ப்ரோபும் எக்ஸ்ரேயும் சேர்ந்துதான் முழுப் படம் தரும்.

ஈறு நிபுணருக்கு இதெல்லாம் அன்றாட வேலை. ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையும் அவர் செய்வதுதான். முன்பு ஈறு நோயால் பல் இழந்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே அவரிடம் இருப்பதுதான் நல்லது என்பேன், ஏனென்றால் அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது தெளிவாகவே தெரிந்த விஷயம். மற்றவர்களுக்கு ஒரு சங்கடம்: மற்ற பற்களுக்கு ஒருவர், இம்ப்ளாண்டுக்கு ஒருவர் என்று பிரிந்தால், வலியே இல்லாத இடத்துக்கான அப்பாயின்ட்மென்ட்தான் முதலில் தள்ளிப்போகும்.

இம்ப்ளாண்டைப் பொருத்தியவரிடமே தொடரலாமா? தொடரலாம், அவருக்கும் ப்ரோப் செய்யும் பழக்கம் இருந்தால். எப்படியானாலும் அவரிடமிருந்து வாங்க வேண்டியவை உண்டு: கேப் மாட்டியதும் எடுத்த எக்ஸ்ரே, அப்போதைய ப்ரோப் அளவுகள், இம்ப்ளாண்டின் பிராண்டும் அளவும். கேப் ஸ்க்ரூவில் நிற்கிறதா, சிமெண்டிலா என்றும் கேளுங்கள். ஈறுக்கு அடியில் தங்கிய சிமெண்ட் துணுக்கே நோய்க்குக் காரணமாவதுண்டு.

என் தேர்வு வழக்கமான பல் மருத்துவர்தான், ஒரு நிபந்தனையோடு. 5, 6 மாதத்துக்கு ஒருமுறை அவர் ப்ரோப் செய்து, எண்களை எழுதி, பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும். “என் இம்ப்ளாண்டைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் வருகிறது டாக்டர்?” என்று கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். மழுப்பினால், ஈறு நிபுணரைத் தேடுங்கள்.

எப்போது மாற வேண்டும் என்பதற்கு, 2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து நடத்திய மாநாட்டின் வரையறை உதவும். பழைய பதிவே இல்லாத நிலையில், இரத்தமோ சீழோ வந்து, ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, எலும்பு மட்டமும் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அது பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ். அங்கே ஈறு நிபுணர்தான் வேண்டும். பதிவு இருந்தால் அவ்வளவு தூரம் காத்திருக்கவே வேண்டாம். இரத்தம் வந்து, ஆழம் கூடி, எலும்பும் முன்பைவிட இறங்கினாலே போதும்.

வெறும் இரத்தக் கசிவு என்றால் வழக்கமான பல் மருத்துவரே சுத்தம் செய்து, வீட்டில் எப்படித் துலக்குவது என்று காட்டித் தரலாம். இதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டாம் என்று 2023-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் சொல்கிறது. 2, 3 மாதம் கழித்து மறுபடி ப்ரோப் செய்யச் சொல்லுங்கள். அப்போதும் இரத்தம் நிற்கவில்லை என்றால், ஈறு நிபுணருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கி, அளவுத் தாளையும் எக்ஸ்ரேக்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.